லாரன்ஸ் ஊர்க் கல்லறைகளில் கூடைப்பந்தைத் தேடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்றொரு பல்கலைக்கழக ஊர். கான்சஸ் சிட்டியிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரும், அந்த ஆட்டத்தில் பயிற்சியாளர் என்ற தொழிலுக்கே தந்தை என்று பெயர் வாங்கியவரும் இந்த ஊரில்தான் அடங்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் அங்கே அழைத்துப் போவது என் வழக்கம். போகும் வழியெல்லாம் கேள்விதான். திரும்பத் திரும்ப அதே பதிலைச் சொல்வதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சுடுகாட்டுக்கா அழைத்துப் போவது?

இதுதான் முதல் கேள்வி, எப்போதும். ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் என்ற கூடைப்பந்து அரங்கத்தையும் காட்டுவேன், கவலை வேண்டாம். ஆனால் அரங்கத்தில் எல்லாவற்றையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். கொடி, கோப்பை, சிலை, கண்ணாடிப் பெட்டி என்று எதையும் விட்டுவைப்பதில்லை. கல்லறையில் ஒரு பெயரும் இரண்டு ஆண்டுகளும் இருக்கும், அவ்வளவுதான். பாக்கியை நாம் தெரிந்துகொண்டு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் அது வெறும் கல். ஒரு தடவை அங்கே நின்று கதை சொல்லிப் பாருங்கள், எனக்கு ஏன் இதில் பைத்தியம் என்று புரியும்.

யார் யார் எங்கே இருக்கிறார்கள்?

கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் (1861–1939) மெமோரியல் பார்க் கல்லறைத் தோட்டத்தில். அவருடைய மாணவர் ஃபாரஸ்ட் ஆலன் (1885–1974), ஊரார் வாயில் ‘ஃபாக்’ ஆலன், ஓக் ஹில் கல்லறைத் தோட்டத்தில். ஊரின் கிழக்கே இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒரே மாலையில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

நெய்ஸ்மித்தின் கல்லறை வாசலிலேயே இருக்கிறதே, அதுதானே?

இல்லை. நானும் முதல் தடவை அப்படித்தான் ஏமாந்தேன். வாசலுக்குள் நுழைந்ததும் பெரிய நினைவுக்கல் ஒன்று நிற்கிறது. கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அதன் முன்னால் நின்று படம் எடுத்து, குடும்ப வாட்ஸப் குழுவுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன். அது ஊரார் பின்னால் எழுப்பிய நினைவுச் சின்னம். புதைத்த இடம் உள்ளே தள்ளி, ஃப்ரீமேசன் சங்கத்தாருக்கு ஒதுக்கிய பகுதியில் இருக்கிறது. இரண்டாம் தடவை போனபோது நவம்பர் கடைசி. புல் காய்ந்து சணல் நிறத்தில் கிடந்தது, காற்று காதை அறுத்தது. பக்கத்துக் கற்களிலிருந்து பிரித்துக் காட்ட எதுவும் இல்லாததால் வரிசை வரிசையாகக் குனிந்து பெயர் படித்துக்கொண்டே நடந்தேன். யாரோ ஒரு சின்ன ரப்பர் பந்தை விட்டுப் போயிருந்தார்கள். அது குளிரில் காற்று இறங்கி ஒரு பக்கம் குழிந்திருந்தது. அதை வைத்துத்தான் இடத்தையே பிடித்தேன்.

இரண்டு தோட்டமும் ஏன் இவ்வளவு வேறு மாதிரி இருக்கின்றன?

காலம் வேறு. ஓக் ஹில் 1865-இல் உண்டானது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 1863 ஆகஸ்ட் 21 அன்று, உள்நாட்டுப் போரின் நடுவே குவான்ட்ரில் என்பவனின் குதிரைப்படை விடியற்காலையில் லாரன்ஸுக்குள் புகுந்து, நூற்றைம்பதுக்குக் குறையாத ஆண்களையும் பையன்களையும் கொன்று ஊரைக் கொளுத்தியது. அவர்களுக்கு 1895-இல் வைத்த நினைவுத்தூண் ஓக் ஹில்லில்தான் இருக்கிறது. மேடும் பள்ளமும் பெரிய மரங்களும் வளைந்து போகும் பாதையுமாகப் பூங்கா போல அமைப்பது அந்தக் காலத்து நாகரிகம். கற்களும் நிமிர்ந்து நிற்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு.

‘மெமோரியல் பார்க்’ என்ற பெயரைப் பார்த்தாலே அது இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு என்று சொல்லிவிடலாம். பரந்த புல்வெளி, அடக்கமான கற்கள். புல்வெட்டும் இயந்திரம் தடையில்லாமல் ஓடவேண்டும் என்பதும் அந்த அமைப்புக்கு ஒரு காரணம், சிரிக்காதீர்கள். ஆகவே ஆலனின் கல்லையும் நெய்ஸ்மித்தின் கல்லையும் ஒப்பிட்டு, யாருக்கு மதிப்பு அதிகம் என்று முடிவுகட்டாதீர்கள். கல்லின் உயரத்தைத் தீர்மானித்ததில் தோட்டத்துக்கும் பங்குண்டு.

கண்டுபிடித்தவரே தோல்விப் பயிற்சியாளர் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் முதல் கூடைப்பந்துப் பயிற்சியாளர் அவர். 1898 முதல் 1907 வரை 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். இதைக் கேட்டதும் எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

மனிதரின் கதையைக் கேளுங்கள். கனடாவில், ஒன்டாரியோவின் ஆல்மான்ட் அருகே பிறந்தவர். ஒன்பது வயதில் டைபாய்டு காய்ச்சலுக்கு அப்பா, அம்மா இரண்டு பேரையும் பறிகொடுத்தார். மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்து, மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளிக்கு வாத்தியாராக வந்தார். 1891 டிசம்பர். வெளியே பனி. உள்ளே அடைபட்டு அலுத்துப்போன 18 மாணவர்கள். அவர்களை அடக்க ஓர் ஆட்டம் வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் இரண்டு பீச் பழக் கூடைகளை அடித்து, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். மேல்மாடம் பத்தடி உயரத்தில் இருந்தது, அதனால் இன்றுவரை வளையமும் பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது.

அதன்பின் டென்வரில் மருத்துவம் படித்து முடித்து, 1898-இல் லாரன்ஸுக்கு வந்தார். பல்கலைக்கழகத்தின் வழிபாட்டுக் கூடத்துக்குப் பொறுப்பு, அதோடு உடற்கல்வி ஆசிரியர் வேலை. கூடைப்பந்து அணி பிறகுதான். ஆட்டம் என்பது பையன்கள் உடம்பையும் குணத்தையும் சீராக வைத்துக்கொள்ள ஒரு வழி, அவ்வளவுதான் அவர் நினைப்பு. பேக்கர் கல்லூரிக்குப் பயிற்சியாளராகப் போகிறேன் என்று ஆலன் வந்து நின்றபோது, இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது, ஆடவேண்டியதுதானே என்று கேட்டாராம். அப்படி நினைத்தவரிடம் 55–60 என்ற கணக்கை நீட்டினால் அவர் ஒரு நிமிஷம்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாகப் பதக்க ஆட்டமானது. நெய்ஸ்மித்தை அங்கே அனுப்பி வைக்கப் பயிற்சியாளர்கள் சேர்ந்து நிதி திரட்டினார்கள். இறுதி ஆட்டம் திறந்தவெளி மண் தரையில், மழையில், சேற்றில். அமெரிக்கா 19, கனடா 8. பிறந்த நாடும், 1925-இல் குடியுரிமை வாங்கிய நாடும் அவர் கண்டுபிடித்த ஆட்டத்தில் மோதுகின்றன, பந்தோ சேற்றில் எழும்பவே மாட்டேன் என்கிறது. மூன்று ஆண்டு கழித்து, 1939 நவம்பர் 28 அன்று லாரன்ஸில் இறந்தார்.

‘ஃபாக்’ என்பது என்ன பெயர்?

பட்டப்பெயர். இளவயதில் பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றபோது அவர் குரல் மூடுபனியில் கப்பல்கள் ஊதும் சங்கு மாதிரி இருந்ததாம். ‘ஃபாக்ஹார்ன்’ சுருங்கி ‘ஃபாக்’ ஆயிற்று. எலும்பு, தசைகளைக் கையால் நீவிச் சரிசெய்யும் ஆஸ்டியோபதி வைத்தியம் படித்தவர் என்பதால் ஆட்டக்காரர்களுக்கு அவர் ‘டாக்’.

கான்சஸில் மட்டும் 39 பருவம், 590 வெற்றி. 1952-இல் தேசியப் பட்டம். 1927-இல் பயிற்சியாளர்கள் சங்கத்தை ஆரம்பித்தவர். பெர்லினில் கூடைப்பந்தைச் சேர்க்கவேண்டும் என்று முட்டி மோதியவர்களில் முக்கியமானவரும் இவரே. வளையத்தைப் பத்தடியிலிருந்து 12 அடிக்கு உயர்த்தவேண்டும் என்று வெகுகாலம் வாதாடினார். குருவின் பத்தடியை மாற்றப் பார்த்த சீடன்! அது மட்டும் நடக்கவில்லை.

70 வயதானால் ஓய்வு என்பது பல்கலைக்கழக விதி. 1956-இல் அனுப்பிவிட்டார்கள். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதற்கு முந்தைய ஆண்டுதான் வில்ட் சேம்பர்லின் என்ற ஏழடிப் பையனை ஆலன் வருந்தி வருந்தி அழைத்து வந்திருந்தார். முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது அந்நாளைய விதி. பையன் இரண்டாம் ஆண்டுக்கு வந்து, பிரதான அணிக்கான முதல் ஆட்டத்திலேயே 52 புள்ளி எடுத்தபோது ஆலன் பயிற்சியாளராக இல்லை.

அவருடைய வெற்றிக் கணக்கெல்லாம் கல்லில் இருக்குமா?

அதைத் தேடி வந்திருந்தால் ஃபீல்ட்ஹவுஸுக்குப் போங்கள். 1955 மார்ச் 1 அன்று திறந்த அந்தக் கட்டடத்துக்கு ஆலன் பெயர், ஆடுகளத்தின் தரைக்கு நெய்ஸ்மித் பெயர், வாசல் வழியாகப் போகும் சாலையும் நெய்ஸ்மித் டிரைவ். 13 விதிகளின் மூலப்படி 2010 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தபோது ஒரு பழைய மாணவர் 43 லட்சம் டாலருக்கு எடுத்தார். இப்போது அது அரங்கத்தை ஒட்டிய கட்டடத்தில் இருக்கிறது. உள்ளே உயரத்தில், ‘ஃபாக்’ இருக்கிறது, எச்சரிக்கை என்று எதிரணியை மிரட்டும் பதாகை தொங்கும். முதல் பதாகை 1988-இல் மாணவர்கள் விடுதிக் குளியலறைத் திரைச்சீலைகளைக் கொண்டு செய்தது. எனக்கு 43 லட்சத்தைவிட அந்தத் திரைச்சீலைதான் பிடிக்கும்.

மற்ற ஊர்களிலும் இப்படித்தானா?

ஊருக்கு ஒரு மாதிரி. அலபாமாவின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ‘பேர்’ பிரையன்ட் 323 வெற்றியோடு ஓய்வு பெற்று, கடைசி ஆட்டம் முடிந்த 28ஆவது நாள், 1983 ஜனவரி 26 அன்று இறந்தார். பர்மிங்ஹாமின் எல்ம்வுட் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு எளிமையான கல்தான். ஆனால் வழி கேட்டு வருகிறவர்கள் அத்தனை பேர் என்பதால் பாதையிலேயே அணியின் கருஞ்சிவப்பு நிறத்தில் கோடு போட்டு வைத்தார்கள். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் வுடி ஹேய்ஸ் ஆடுகளத்தில் முரட்டுக் கோபத்துக்குப் பேர்போனவர். கொலம்பஸின் யூனியன் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லில் இருப்பதோ, மரண இருளில் நம்பிக்கை ஒரு நட்சத்திரத்தைக் காண்கிறது என்ற பொருளில் ஒரு மெல்லிய வரி. படித்துவிட்டு அந்த மனிதரின் பழைய காணொளிகளைப் பார்த்தால் தலை சுற்றும்.

அதே ஒஹாயோ ஸ்டேட்டில் படித்த ஓட்டப்பந்தய வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் சிகாகோவின் ஓக் வுட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். கல்லில் ஒலிம்பிக் வளையங்கள். கல்லூரி மாணவராக 1935 மே 25 அன்று ஆன் ஆர்பரில் முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று உலக சாதனைகளை முறியடித்து, நான்காவதைச் சமன் செய்தாரே, அந்த நாள் எனக்கு அவருடைய பெர்லின் ஒலிம்பிக் வெற்றிகளுக்குக் குறைந்ததில்லை. கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய பரிசுக்குப் பெயர் தந்த ஜான் ஹைஸ்மன் எங்கே என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. விஸ்கான்சினில் ரைன்லாண்டர் என்ற சிறிய ஊரில். அவர் அங்கே எந்த அணிக்கும் பயிற்சி தரவில்லை. அது மனைவியின் ஊர்.

நெய்ஸ்மித், ஆலன் வழிவந்தவர்கள் வேறு யாராவது?

இரண்டு பெயர் போதும். ஆலனின் கீழ் ஆடிய அடால்ஃப் ரப், கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 876 வெற்றி பெற்றார். அவர் கல்லறை லெக்சிங்டனில். 1977 டிசம்பர் 10 இரவு, கென்டக்கி அணி லாரன்ஸுக்கு வந்து ஆலன் ஃபீல்ட்ஹவுஸில் ஆடிக்கொண்டிருந்தது. அன்றைய ஆட்டத்தை ரப்பின் பெயரால் ‘ரப் இரவு’ என்று அறிவித்திருந்தார்கள். அந்த இரவிலேயே ரப் லெக்சிங்டனில் இறந்துபோனார். இதைக் கற்பனைக் கதையில் எழுதியிருந்தால் ஓவர் என்று தள்ளியிருப்பேன்.

ஆலனின் 1952 அணியில் ஓரமாக உட்கார்ந்திருந்த டீன் ஸ்மித் பிறகு வட கரோலினாவில் 879 வெற்றியோடு ரப்பின் கணக்கைத் தாண்டினார். 2015-இல் இறந்தார், சாப்பல் ஹில்லின் பழைய கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். அவர் உயிலின்படி, தம்மிடம் ஆடிய ஏறக்குறைய 180 பேருக்கும் ஆளுக்கு 200 டாலர் காசோலை வந்தது, வெளியே போய் நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள் என்று.

இந்தக் கதையில் கறுப்பினத்தவர் யாரும் இல்லையா?

ஜான் மக்லெண்டன் இருக்கிறார், அவரைச் சொல்லாமல் நான் யாரையும் திரும்ப அழைத்துப் போவதில்லை. கான்சஸ் மாநிலத்திலேயே பிறந்து, லாரன்ஸில் உடற்கல்வி படித்து 1936-இல் பட்டம் வாங்கியவர். வழிகாட்டி நெய்ஸ்மித்தே. ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரிடம் நேராகப் பாடம் கேட்கலாம், ஆனால் கறுப்பர் என்பதால் பல்கலைக்கழக அணியில் ஆட முடியாது. ஆலன் அணியின் பயிற்சியாளராக இருந்த காலம் அது, அதையும் ஓக் ஹில்லில் நின்றபடி சொல்லித்தான் ஆகவேண்டும்.

மக்லெண்டன் வட கரோலினாவின் டர்ஹாமுக்குப் போய்க் கறுப்பினக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளரானார். 1944 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே தேவாலயத்தில் இருந்த நேரம், டியூக் பல்கலைக்கழகத்தின் வெள்ளை மருத்துவ மாணவர் அணி அவருடைய கல்லூரிக்கு ரகசியமாக வந்தது. இனப்பிரிவினை சட்டமாக இருந்த இடம், வெளியே தெரிந்தால் கதை கந்தல். கதவைப் பூட்டிக்கொண்டு ஆடினார்கள். மக்லெண்டனின் பையன்கள் 88, டியூக் 44. பிறகு டென்னசியில் 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று தேசியப் பட்டம். 1999-இல் இறந்தார். ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள நெய்ஸ்மித் புகழ்மண்டபத்தில் 1979-இல் ஆட்டத்துக்குத் தொண்டாற்றியவர் என்று சேர்த்தார்கள். பயிற்சியாளர் என்று சேர்க்க 2016 ஆயிற்று.

ஹாஸ்கெல் பக்கம் ஏன் வண்டியை மெதுவாக ஓட்டுகிறீர்கள்?

அது லாரன்ஸின் மூன்றாவது கல்லறை, நான் சுற்றிக்காட்டாத ஒன்று. 1884-இல் அமெரிக்க அரசு பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக நடத்திய உறைவிடப் பள்ளி, இன்று ஹாஸ்கெல் இந்தியன் நேஷன்ஸ் பல்கலைக்கழகம். பெற்றோரிடமிருந்து பிரித்து, முடி வெட்டி, தாய்மொழியைத் தடுத்து வளர்த்தார்கள். வளாகத்தில் 103 கல்லறைகள், பெரும்பாலும் பிள்ளைகளுடையவை.

அதே வளாகம் ஒரு காலத்தில் பெரிய பெரிய கல்லூரி அணிகளை எதிர்த்து நின்ற அமெரிக்கக் கால்பந்துக் கோட்டை. 1926-இல் பூர்வகுடி மக்கள் தந்த நன்கொடையில் விளையாட்டரங்கம் கட்டி, திறப்பு ஆட்டத்தில் பக்னெல் கல்லூரியை 36–0 என்று அடித்தார்கள். சின்ன வயதில் இங்கே படித்து ஓடிப்போன ஒரு பையன் பின்னாளில் பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளிக்காக ஆடி, 1912 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினான். ஜிம் தார்ப்.

தார்ப்பின் கல்லறை எங்கே?

பென்சில்வேனியாவில், உயிரோடு இருந்தபோது அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஊரில். 1953-இல் இறந்தபோது ஓக்லஹோமாவில் அவர் இனத்தவரின் சடங்கு நடந்துகொண்டிருக்கையிலேயே மூன்றாவது மனைவி உடலை எடுத்துக்கொண்டு போனார். வருமானம் தேடிக்கொண்டிருந்த மாக் சங்க், கிழக்கு மாக் சங்க் என்ற இரண்டு ஊர்கள் ஒன்றாகி, 1954-இல் ‘ஜிம் தார்ப்’ என்று பெயரையே மாற்றிக்கொண்டு உடலை வாங்கி வைத்தன. அப்பாவைச் சொந்த மண்ணுக்குக் கொடுங்கள் என்று மகன் 2010-இல் வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் ஜெயம், 2014-இல் மேல்முறையீட்டில் தோல்வி, 2015-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. கல் பெரியது, பளபளப்பானது, புகழுரையும் உண்டு. பிள்ளைகள் கேட்டது அதை அல்ல.

நம்ம ஊருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு?

உண்டு. நெய்ஸ்மித் கூடையை மாட்டிய அதே ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் படித்த ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவரே. நம் பள்ளிக்கூடங்களில் விசிலும் கையுமாக நின்ற எத்தனையோ பி.டி. மாஸ்டர்கள் அந்தக் கல்லூரியில் தேறி வந்தவர்கள். மதுரையிலிருந்து வந்த என் மாமா ஒருவர் இதைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு, “அப்போ நம்ம மாஸ்டருக்கு இவரு பெரிய மாஸ்டரா?” என்றார்.

கல்லறையில் எதையாவது வைக்கலாமா? சுத்தம் செய்யலாமா?

பூ வைக்கலாம். பந்து வைக்கிறவர்கள் உண்டு, பராமரிப்பு ஆட்கள் அவ்வப்போது எடுத்துவிடுவார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். சில்லறைக் காசு வேண்டாம், கல்லில் கறை பிடிக்கும். பாசி படிந்திருக்கிறதே என்று பிளீச்சும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள், பளிங்கு, சுண்ணாம்புக் கற்களின் எழுத்து அதிலேயே கரைந்துவிடும். எழுத்து தெரியவில்லையென்றால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். மாவு, சோப்பு நுரை எதுவும் பூசக்கூடாது.

எப்போது போனால் நல்லது?

சாயங்காலம், வெயில் சாய்ந்த பிறகு. ஆட்ட நாள் என்றால் ஃபீல்ட்ஹவுஸ் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, கல்லறைத் தோட்டத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது. குளிர்காலத்தில் காதுக்குக் கம்பளித் தொப்பி அவசியம். மெமோரியல் பார்க்கில் வாசல் கல்லோடு திரும்பிவிடாமல் உள்ளே நடங்கள்.